ஐந்து ஸ்பீக்கர் அன்பரசன்

திருவண்ணாமலையில் போளூர் ரோட்டுப் பக்கம் குடியிருந்த அன்பரசனுக்கு எதையும் விளக்கிச் சொல்லாமல் இருக்க முடியாது. வாயைத் திறந்தால் "அது எப்படின்னா" என்றுதான் ஆரம்பிப்பார். குக்கர் ஏன் நேற்று நாலு விசிலும் இன்று ரெண்டு விசிலும் அடித்தது, செங்கம் பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது, பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் ஆட்டோக்காரர்கள் எல்லாம் எங்கே போகிறார்கள், எல்லாவற்றுக்கும் அவரிடம் காரணம் இருந்தது. முக்கால்வாசி சரியான காரணம்தான். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

மாவட்டம் புதிதாகப் பிரிந்த 1989-ல் அவருக்கு ஓர் அரசு அலுவலகத்தில் தபால் பிரிவில் வேலை கிடைத்தது. அன்று முதல் உறையை ஒட்டுவது, முத்திரை வைப்பது, எண் போட்டு அனுப்புவது. அங்கே "அது எப்படின்னா" என்ற சத்தம் கேட்டால் போதும், நாலு நாற்காலிகள் ஒரே நேரத்தில் பின்னால் நகரும். எல்லோருக்கும் டீ தாகம் எடுத்துவிடும். ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகியது. தண்ணீர் சொட்டுவது வடக்கு மூலையில்தான், ஆனால் விரிசல் தெற்கே இருக்கிறது, அங்கிருந்து ஓடிவந்து இங்கே சொட்டுகிறது என்று அன்பரசன் மாதம் முழுக்கச் சொல்லிப் பார்த்தார். வடக்கே மூன்று முறை சிமெண்ட் பூசினார்கள். கடைசியில் தெற்குப் பக்கத்து பீரோ தொப்பலாக நனைந்தபோது, "அன்பரசன், தபால் கட்டுங்களை இந்தப் பக்கம் எடுத்து வையுங்க" என்றார்கள். "நான் அப்பவே சொன்னேனே, அது எப்படின்னா" என்று திரும்பினார். அறை காலி.

வீட்டில் மனைவி மணிமொழி 'ம்' கொட்டுவாள். அடி அண்ணாமலையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள், அதிகம் பேசமாட்டாள். ஆனால் 'ம்' கொட்டும்போது அவள் கை அரிசியில் கல் பொறுக்கும், கண் பால் பொங்குகிறதா என்று பார்க்கும். அந்த 'ம்' தனக்கா பாலுக்கா என்று அன்பரசனுக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

எல்லோரையும்விட மோசம் மணிமொழியின் தம்பி ராஜேந்திரன். அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். கையால் வேலை செய்கிற ஆள், அதனால் வாயால் வேலை செய்கிறவர்களைக் கண்டால் இளக்காரம். அன்பரசன் "அது" என்று ஆரம்பித்ததுமே, "மாமா, எப்படின்னா வேணாம், எவ்ளோ நேரம்னு மட்டும் சொல்லுங்க" என்பான். பந்தியில் நாலு பேர் சிரிப்பார்கள். அன்பரசனும் கூடச் சிரிப்பார். பிறகு கொல்லைப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு வருவார். ஆயுளில் ஒருத்தராவது தன் பேச்சை முழுசாகக் காது கொடுத்துக் கேட்கவேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. பெரிய ஆசை ஒன்றும் இல்லை, ஆனால் நடக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் 2005-ல் அந்த ரிசீவர் வந்து சேர்ந்தது.

ரமணாசிரமத்துப் பக்கம் வாடகைக்கு இருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது மெத்தை, சைக்கிள், மிக்சி என்று எல்லாவற்றையும் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். டீக்கடைச் சுவரில் சீட்டு ஒட்டியிருக்கும். அந்தச் சீட்டுகளை நின்று படிக்கிற பழக்கம் அன்பரசனுக்கு உண்டு. சுவிட்சர்லாந்துக்காரர் ஒருவர், ஊரில் 'பீட்டர் சாமி' என்று சொன்னால்தான் தெரியும், ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பங்கிட்டு அனுப்புகிற ரிசீவர் ஒன்றையும் ஐந்து ஸ்பீக்கர்களையும் தரையில் வைக்கிற தடித்த பெட்டி ஒன்றையும் விற்கிறார் என்று எழுதியிருந்தது. போனார். பீட்டர் சாமி அவரை அறையின் நடுவே உட்காரவைத்துத் தன் மடிக்கணினியிலிருந்து ஒரு ஃபைலை ஓட்டினார். எதிரே நாதஸ்வரம் கிளம்பியது. இடது பக்கம் ஒரு தவில், வலது பக்கம் ஒரு தவில். முதுகுக்குப் பின்னால் ஜால்ரா. நம்மூர் மேளக்காரர்களை நடுவில் ஐந்து மைக் வைத்து பீட்டர் சாமியே பதிவு செய்தது. அன்பரசன் பின்னால் திரும்பிப் பார்த்தார். சுவர்தான் இருந்தது. அந்த இடத்திலேயே மனுஷன் விழுந்துவிட்டார்.

"அது எப்படி?" என்று கேட்டதும் அவர்தான். வாழ்க்கையில் அவர் இப்படி இன்னொருத்தரைக் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

பீட்டர் சாமி அரைத் தமிழில் சொன்னதை அன்பரசன் தன் தபால் பிரிவுக் கணக்கில் புரிந்துகொண்டார். ஐந்து பக்கத்துச் சத்தத்தையும் ஒரே உறையில் அடைத்து முத்திரை வைத்த மாதிரி இந்த ஃபைல். கம்ப்யூட்டர் வெறும் தபால்காரன். உறையைப் பிரிக்காமல் அப்படியே ரிசீவர் கையில் கொடுக்கவேண்டும். பிரித்து, இது முன்னால், இது பின்னால் என்று பங்கிடுவது ரிசீவரின் வேலை. உறையில் யாராவது கை வைத்திருந்தால் ரிசீவருக்கு ஒன்றும் விளங்காது.

பெட்டிகள் வீட்டுக்கு வந்தன. ஃபைல்களை பீட்டர் சாமி ஒரு சிடியில் போட்டுக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிப் போய்விட்டார். அன்பரசன் ஐந்து ஸ்பீக்கர்களையும் கூடத்தில் ஐந்து இடத்தில் நிறுத்தினார். மகள் படிப்புக்காக வாங்கிய கம்ப்யூட்டரின் முதுகிலிருந்து ரிசீவரின் முதுகுக்கு ஒற்றை ஒயர் இழுத்தார். அதற்கான சவுண்டு கார்டை சென்னை ரிச்சி தெருவுக்கே போய் வாங்கி வந்திருந்தார். முதல் நாள் சினிமாப் பாட்டு போட்டார், அழகாகப் பாடியது. மறுநாள் சாயங்காலம் நாதஸ்வர ஃபைலைப் போட்டார்.

"உஷ்ஷ்ஷ்" என்றது.

ஐந்து ஸ்பீக்கரும் ஒரே குரலில் "உஷ்ஷ்ஷ்". தகரக் கூரையில் அடைமழை பெய்கிற மாதிரி. இத்தனை வருஷமாக ஊரே அவரைப் பார்த்துச் சொல்ல நினைத்ததை இந்த ஸ்பீக்கர்கள் வாய்விட்டே சொல்லிவிட்டன.

அன்பரசன் விட்டாரா? ஒயரை மாற்றினார். கார்டைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டினார். ரிசீவரின் பொத்தான்களை எண்ணி, ஒவ்வொன்றாக அமுக்கி, நோட்டில் எழுதினார். தினமும் காலையில் ஆபீஸ் போகும்வரை அதன் முன்னால்தான். ஒன்பதே முக்காலுக்குக் கம்ப்யூட்டரை ஓடவிட்டபடியே செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுவார். சாயங்காலம் வந்து மறுபடி போட்டால் மறுபடி மழை. இரண்டு மாசம் இப்படிப் போனது. கூடத்தில் நடக்கிறவர்கள் ஒயரைத் தாண்டித் தாண்டிப் பழகிவிட்டார்கள்.

விஷயம் போனில் அம்பத்தூருக்குப் போனது. ராஜேந்திரனுக்கு அல்வா கிடைத்த மாதிரி.

"மாமா, எங்க வீட்டு செட்டு டப்பாவுல இருந்து எடுத்தேன், சொருகினேன், பாடுது. நீங்க ரெண்டு மாசமா மழை பெய்ய வெச்சிக்கினு இருக்கீங்களாமே?"

"அது எப்படின்னா ராஜேந்திரா, இதுல சத்தம் ஒரு உறை மாதிரி"

"உறையெல்லாம் வேணாம் மாமா. தீபத்துக்கு வர்றேன். அன்னிக்குப் பாடிச்சின்னா நீங்க சொல்றத உக்காந்து முழுசா கேக்கறேன். பாடலன்னா, இனிமே என்கிட்ட மிஷினைப் பத்தி வாயே தெறக்கக்கூடாது. சரியா?"

ரோஷத்தில் "சரி" என்று சொல்லிவிட்டார். போனை வைத்த பிறகுதான் யோசித்தார். மிஷினைப் பற்றிப் பேசக்கூடாது என்றால் அன்பரசன் மிச்ச ஆயுளில் என்னதான் பேசுவது? மழை, வெயிலைப் பற்றியா? பேச்சு போனால் மனுஷனுக்கு வேறு என்ன இருக்கிறது என்று அன்று சோறு இறங்கவில்லை.

தீபத்தன்று ஊரில் இருக்கிற ஒவ்வொரு வீடும் லாட்ஜ்தான். அன்பரசன் வீட்டிலும் ராஜேந்திரன், அவன் மனைவி தனம், இரண்டு பிள்ளைகள் என்று கூடம் நிறைந்திருந்தது. மத்தியானச் சாப்பாடு ஆனதும் ராஜேந்திரன் சரியாக நடுவில் நாற்காலியைப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான்.

"போடுங்க மாமா."

அன்பரசன் முந்தின நாள் புது ஒயர் வாங்கி மாட்டியிருந்தார். மலையைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டுவிட்டுத்தான் வந்தார். ஃபைலைத் தட்டினார்.

"உஷ்ஷ்ஷ்."

ராஜேந்திரன் எழுந்து போய் மூலையில் இருந்த குடையை எடுத்து, கூடத்துக்குள்ளேயே விரித்துப் பிடித்துக்கொண்டான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. தனம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாமா, பேச்சு பேச்சா இருக்கணும். இன்னியோட மிஷின் கதைக்குப் பூட்டு."

அன்பரசன் இந்தத் தடவை கூடச் சேர்ந்து சிரிக்கவில்லை. கொல்லைப் பக்கம் போய்த் துணி துவைக்கிற கல்மேல் உட்கார்ந்தார்.

ஐந்தரை மணி இருக்கும். மலை உச்சியில் தீபம் ஏற்றுகிற நேரம் நெருங்கியது. வீடே மொட்டை மாடிக்குப் போய்விட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு அன்பரசன் உள்ளே வந்தபோது கூடத்தில் மணிமொழி மட்டும் இருந்தாள். அகல் விளக்குத் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். மௌஸைக் கோலமாவு பிடிக்கிற மாதிரி மூன்று விரலால் பிடித்து, திரையின் கீழ் மூலையில் இருந்த சின்ன ஸ்பீக்கர் படத்தைத் தட்டினாள். ஒரு சின்னக் கட்டை எழும்பியது. அதைப் பொறுமையாக இழுத்து, பாதியில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். அப்புறம்தான் அணைக்கிற இடத்துக்குப் போனாள்.

"இன்னா பண்ற?"

"அணைக்கிறேங்க. எல்லாரும் மேல போயிட்டாங்க, மிஷின் சும்மா ஓடிக்கினு இருக்குதே."

"அதுக்கு முன்னாடி இன்னாமோ இழுத்தியே?"

"சத்தத்தைக் கொறைச்சேன். கொறைச்சிட்டுதான அணைக்கணும்?"

"தினமுமா?"

"நீங்க ஓடவிட்டுட்டு ஆபீஸ் போயிடறீங்க. நான்தான அணைக்கிறேன்?"

அன்பரசன் அந்தச் சின்னக் கட்டையையே பார்த்தார். சத்தம் கூட்டவும் குறைக்கவும் ரிசீவரில்தான் பெரிய திருகு இருக்கிறதே என்று கம்ப்யூட்டரின் மூலையில் இருந்த அந்தப் படத்தை இரண்டு மாசமாக அவர் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. சினிமாப் பாட்டு என்றால் கொஞ்சம் மெல்லக் கேட்கும், ரிசீவரில் திருகிக்கொள்வார். நாதஸ்வர ஃபைல் அப்படி இல்லையே. சத்தத்தை இம்மி குறைத்தாலும் உறையைப் பிரித்துக் கை வைத்த மாதிரிதான். தபால்காரன் தினமும் உறையைக் கிழித்துக் கொண்டுவந்து கொடுத்தால் ரிசீவர்தான் என்ன செய்யும்?

முதலில் கோபம்தான் வந்தது, பொய் சொல்வானேன். இரண்டு மாசம், மூன்று ஒயர், ஒரு குடை.

"உன்ன யாரு கொறைக்கச் சொன்னா?"

"நீங்கதான்."

"நானா? என்னிக்கு?"

"கல்யாணமான புதுசுல. உங்க ஆம்ப்ளிஃபையர நான் அப்படியே பட்டுனு அணைச்சிட்டேன், டம்முனு ஒரு சத்தம். நீங்க முக்கா மணி நேரம் உக்காரவெச்சி சொன்னீங்க. மொதல்ல கொறை, அப்புறம் அணை. இல்லன்னா ஸ்பீக்கர் நெஞ்சுல ஒதச்ச மாதிரி அதிரும். மறுநாள் போடறவன் காதுலயும் இடி விழும்னு. மறந்துட்டீங்களா?"

அவர் மறந்துதான் போயிருந்தார். அவள் ஒரு சொல் விடாமல், அவர் கையாட்டுகிற மாதிரியே கையையும் ஆட்டிச் சொன்னபோது, தன் குரலையே யாரோ எடுத்து வைத்திருந்து திருப்பிக் கொடுப்பது போல இருந்தது.

"டிவியும் அப்படித்தான் அணைக்கிறியா?"

"டிவி, ரேடியோ, டேப்பு எல்லாந்தான். மிக்சியக் கூட ஒண்ணாம் நம்பருக்குக் கொண்டாந்துட்டுதான் நிறுத்துவேன். ஒரு நாளும் விட்டதில்லீங்க." அவருடைய முகத்தைப் பார்த்து அவளுக்குப் பயம் வந்துவிட்டது. "ஏங்க, தப்பா?"

அன்பரசன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கல்யாணமாகிப் பதினாறு வருஷம். அலுவலகத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை. சொந்தக்காரர்கள் கேட்டதில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு, பாலைப் பார்த்துக்கொண்டு இவள் ஒருத்தி கேட்டிருக்கிறாள். கேட்டது மட்டுமா, பதினாறு வருஷமாக ஒரு நாள் தவறாமல் செய்தும் வந்திருக்கிறாள். அது தெரியாமல் தன்னை யாருமே கேட்பதில்லை என்று எத்தனை முறை கொல்லையில் போய் நின்றோம் என்று நினைத்ததும் அவருக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தப்பே இல்ல. எழுந்திரு, தீபம் ஏத்தப்போறாங்க."

"மொகம் ஏன் இப்படி இருக்குது?"

"தூசி. வா."

இருவரும் படியேறி மேலே வந்து நின்றதும் மலை உச்சியில் ஜோதி தெரிந்தது. ஊரெல்லாம் "அரோகரா" என்றது. தெருவில், பக்கத்து மாடிகளில், கோயில் பக்கமிருந்து, எல்லாப் பக்கமும் சத்தம். அன்பரசன் மலையைக் கும்பிட்டுவிட்டு மனைவியையும் ஒரு தடவை பார்த்தார். அவள் கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தாள்.

கீழே வந்து வாசலெல்லாம் அகல் ஏற்றி முடித்ததும், தனம் பொரி உருண்டைத் தட்டோடு கூடத்தில் உட்கார்ந்தாள். ராஜேந்திரனும் உட்கார்ந்தான். அன்பரசன் கம்ப்யூட்டரைப் போட்டு, அந்தச் சின்னக் கட்டையை உச்சிவரை தள்ளிவிட்டு, ஃபைலைத் தட்டினார்.

எதிரே நாதஸ்வரம் எழுந்தது. இடமும் வலமும் தவில்கள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லின. பின்னால் ஜால்ரா. ராஜேந்திரனின் கையிலிருந்த பொரி உருண்டை அப்படியே நின்றது. தனம் எழுந்து போய்க் கொல்லைக் கதவைத் திறந்தே பார்த்துவிட்டு வந்தாள், யாரோ மேளக்காரர்கள் பின்வழியாக வந்துவிட்டார்கள் என்று. பாட்டு முடிந்தது.

ராஜேந்திரன் நாற்காலியை அன்பரசன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டான். முகத்தில் கிண்டல் இல்லை.

"மாமா, சொன்ன சொல்லு சொன்னதுதான். மத்தியானம் மழை பெஞ்சிது, இப்ப பாடுது. அது எப்படி? சொல்லுங்க, உக்காந்து கேக்கறேன்."

தனமும் கேட்க உட்கார்ந்தாள். பிள்ளைகள்கூட வந்து தரையில் உட்கார்ந்தன. அன்பரசனின் வாழ்நாளில் இப்படி ஒரு கூட்டம் கூடியதில்லை. சொல்வதற்கு இவ்வளவு நல்ல விஷயமும் அவரிடம் எப்போதும் இருந்ததில்லை. உறை, முத்திரை, தபால்காரன், எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றன. ஆனால் அதில் ஒரு வாக்கியம் மணிமொழியைத் தொடாமல் போகாது. அந்த வாக்கியம் இந்தக் கூடத்தில் விழுந்தால் நாளைக்கு அம்பத்தூர் முழுக்க சிரிக்கும், குடை அவள் தலைக்குமேல் விரியும்.

"அது எப்படின்னா" என்று ஆரம்பித்தார். சமையலறை வாசலில் மணிமொழி வந்து நின்றாள். கம்ப்யூட்டரில் அவர் கட்டையை மேலே தள்ளியதை அவள் பார்த்திருந்தாள். விஷயம் புரிந்துவிட்டது.

"டேய் ராஜேந்திரா, அது நான்தான்" என்று வாயெடுத்தாள்.

"மணி, இன்னும் ரெண்டு உருண்டை எடுத்துக்கினு வா" என்று அன்பரசன் குறுக்கே விழுந்தார். பிறகு ராஜேந்திரனைப் பார்த்துச் சொன்னார். "ஒண்ணுமில்லப்பா. கம்ப்யூட்டர்ல சவுண்டு கம்மியா இருந்துது. ஏத்த மறந்துட்டேன். அவ்ளோதான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

ராஜேந்திரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ரெண்டு மாசமா சவுண்டு வெக்காமயா மாமா ஒயரு மாத்திக்கினு இருந்தீங்க?" அன்பரசனும் சிரித்தார். மனசார சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து, மாமாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தனம்கூடக் கொஞ்சம் பயந்துபோனாள். அடுத்த கல்யாணத்திலிருந்து பந்தியில் அவருக்கு 'அஞ்சு ஸ்பீக்கர்' என்று பெயர் வந்தது. கடைசிவரை அது போகவில்லை.

மறுநாள் காலையில், ஒன்பதே முக்காலுக்கு, அன்பரசன் செருப்பை மாட்டும்போது மணிமொழி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏங்க, இனிமே மிஷினைக் கொறைக்காமயே அணைச்சிடட்டுமா?"

விளக்குவதற்கு அருமையான நேரம். கேட்கிற ஆளும் எதிரே நின்றாள். அன்பரசன் மறு செருப்பையும் மாட்டிக்கொண்டார்.

"வேணாம். நீ எப்பவும்போல கொறைச்சிட்டே அணை. நான் வந்து ஏத்திக்கிறேன்."

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் அவர் செய்கிற முதல் வேலை, பாதியில் நிற்கும் அந்தக் கட்டையை உச்சிக்குத் தள்ளுவதுதான். ஏன் இப்படி தினமும் தள்ளுகிறீர்கள், அப்படியே விட்டால் என்ன என்று மகள் ஒருமுறை கேட்டாள். அன்பரசன் வாய் திறந்து காரணம் சொல்லாத ஒரே விஷயம் அதுதான்.